வீட்டுச் சாப்பாடு, வேம்பு, உண்ணி: நாய் பூனைக்கு எது, எவ்வளவு?

கோண்டாவிலான்:
வணக்கம் உறவுகளே. நாலு வயது நாட்டு நாய், 15 கிலோ, நலமடிச்சது. பையில வாற சாப்பாட்டை விட்டிட்டு முழுக்க வீட்டுச் சாப்பாட்டுக்கு மாத்தப் போறன். உண்ணிக்கும் சொறிக்கும் வேம்பு, மஞ்சள் எண்டு சமாளிக்கலாமோ? ஒரு பூனையும் நிக்குது, அதுக்கும் அதே சட்டியில போடலாமோ? ஊரில கனபேர் சோறும் மீன்குழம்பும் போட்டுத்தானே வளர்க்கினம். தயவுசெய்து அளவோட சொல்லுங்கோ. "கொஞ்சம் போடுங்கோ" எண்டு மட்டும் சொல்லாதேங்கோ.

அரிதட்டு:
அளவு வேணுமெண்டா கலோரியில தொடங்குவம். நாயின்ர நிறையைக் கிலோவில எடுத்து மூண்டுதரம் தன்னோட தானே பெருக்குங்கோ (15 × 15 × 15 = 3375). வாறதுக்கு ரெண்டுதரம் வர்க்கமூலம் எடுத்தால் 7.6. அதை 70 ஆல பெருக்கினால் ஏறத்தாழ 530 கிலோகலோரி. சும்மா படுத்திருக்கவே இவ்வளவு வேணும். நலமடிச்சு, வளவுக்குள்ள ஓடித்திரியிற நாய்க்கு இதை 1.4 முதல் 1.6 வரை பெருக்குங்கோ. உங்கட நாய்க்கு ஒரு நாளைக்கு 750 முதல் 850 வரும்.

கிட்டத்தட்ட 790 கலோரிக்கு ஒரு நாள் கணக்கு இது: வெந்த சோறு 300 கிராம், தோலும் எலும்பும் இல்லாத கோழித்தொடை இறைச்சி 200 கிராம் (பச்சையாய் நிறுத்தது), கோழி ஈரல் 20 கிராம், ஒரு அவிச்ச முட்டை, பூசணி அல்லது போஞ்சி அல்லது கரட் 80 கிராம், நல்லெண்ணெய் 1 தேக்கரண்டி. இதோட முட்டைக்கோதுத் தூள் தட்டையாய் அரைத் தேக்கரண்டி. ரெண்டு நேரமாய்ப் பிரிச்சுப் போடுங்கோ.

தேங்காயெண்ணெய் போடாமல் ஏன் நல்லெண்ணெய் எண்டு கேப்பியள். தோலுக்கும் மயிருக்கும் நாய்க்குக் கட்டாயம் வேண்டிய லினோலிக் அமிலம் நல்லெண்ணெயில நிறைய இருக்கு, தேங்காயெண்ணெயில அது இல்லையெண்டே சொல்லலாம். தேங்காயெண்ணெய் கெட்டதில்லை, ஆனால் அந்த வேலையை அது செய்யாது.

கோதுத் தூளை மறந்தால் மிச்சமெல்லாம் வீண். இறைச்சியில பொஸ்பரஸ் கூட, கல்சியம் மிக மிகக் குறைவு. நாய்க்கு ரெண்டும் 1:1 இல இருந்து 2:1 க்குள்ள நிக்கவேணும், கல்சியம்தான் கூட. வெறும் சோறும் இறைச்சியும் எண்டால் உடம்பு எலும்பில இருந்து கல்சியத்தை உருவித்தான் இரத்தத்தில சமன்படுத்தும். வளர்ந்த நாயில இது மாதக்கணக்கில வெளியில தெரியாது. குட்டியில கால் வளையும், சும்மா குதிச்சாலே எலும்பு முறியும்.

சோழகம்:
கோதுத் தூள் எப்பிடிச் செய்யிறது? ஒரு முட்டைக்கு எவ்வளவு வரும்?

அரிதட்டு:
கோதைக் கழுவி 10 நிமிசம் கொதிக்க வையுங்கோ, கிருமி போகும். வெயிலில நல்லாக் காயவிட்டு, வெறும் தாச்சியில ரெண்டு நிமிசம் சூடாக்கிக் கிரைண்டரில அரையுங்கோ. பிறகு மா அரிக்கிற அரிதட்டால அரிச்செடுங்கோ. விரலுக்கிடையில தேய்ச்சால் நறநறவெண்டு இருக்கக்கூடாது. பெரிய துகள் செரிக்காமல் அப்பிடியே வெளியில போயிடும். ஒரு முட்டைக்கோதில 5 முதல் 6 கிராம், அதாவது ஒரு தட்டைத் தேக்கரண்டி வரும். அதில ஏறத்தாழ 2 கிராம் கல்சியம். ஈரம் படாத போத்திலில போட்டால் ஒரு மாதம் தாராளமாய் நிக்கும். வெந்த சாப்பாடு ஆறினாப் பிறகு கலவுங்கோ.

வேப்பமரநிழல்:
முட்டைக்கோதுக்கு ஏன் அலைவான்? முருங்கையிலை வளவு நிறைய நிக்குது, குரக்கன் (கேழ்வரகு) மாவும் இருக்கு. ரெண்டிலயும் கல்சியம் கொட்டிக்கிடக்கெண்டு எல்லாரும் சொல்லினம்.

அரிதட்டு:
தானியங்களுக்குள்ள குரக்கன்தான் முதல், அது உண்மை. 100 கிராம் மாவில 340 மில்லிகிராம் அளவில இருக்கு. ஆனால் கணக்கைப் பாருங்கோ அண்ணை. ஒரு கிராம் கல்சியம் எடுக்க 300 கிராம் மா வேணும். அந்த மாவிலயே 1000 கலோரிக்குக் கிட்ட வந்திடும், நாயின்ர முழு நாள் சாப்பாட்டையும் தாண்டியாச்சு. அதோட குரக்கனில இருக்கிற பைற்றேற்று எண்ட சேர்மம் கல்சியத்தையும் துத்தநாகத்தையும் பிடிச்சு வைக்கும். முருங்கையிலையும் அப்பிடித்தான்: கால் கிலோவுக்கு மேல தின்னவேணும். ஆட்டுக்குச் சரி, நாய்க்கு வயித்தாலதான் போகும். அவிச்ச இலை ஒரு மேசைக்கரண்டி போடுறதில பிழையில்லை, அது கீரைக் கணக்கு. சோத்துக்குப் பதிலாய் வாரத்தில ரெண்டு நாள் குரக்கன் களியும் போடலாம். கல்சியம் கோதில இருந்துதான்.

இன்னொரு வழி இருக்கு. கீரிமீன் அல்லது சூடையைக் குடலெடுத்து, தலையும் முள்ளும் சேர்த்து பிரஷர் குக்கரில 40 நிமிசம் விடுங்கோ. முள்ளு விரலால நசுங்கவேணும். நசுங்காட்டி இன்னும் அவியவிடுங்கோ. அந்த மீன் 200 கிராம் போடுற நாளில கோழியும் வேண்டாம், கோதுத் தூளும் வேண்டாம். வாரத்தில ரெண்டு நாள் இப்பிடிச் செய்தால் விற்றமின் டீயும் ஒமேகா-3 உம் சேரும்.

பச்சைஅங்கி:
அரிதட்டின் கணக்கு சரி. ஆனால் அந்தப் பட்டியல் அப்படியே முழுமையானதல்ல என்பதையும் சொல்லவேண்டும். துத்தநாகம், அயடீன், விற்றமின் ஈ மூன்றும் அதில் குறைகின்றன. துத்தநாகத்தை எடுத்துக்கொண்டால், 1000 கலோரிக்கு 15 முதல் 20 மில்லிகிராம் தேவை. மேலே உள்ள கோழிச் சாப்பாட்டில் அதில் பாதிகூட வராது. கோழிக்குப் பதில் ஆட்டிறைச்சி போட்டால் கொஞ்சம் ஏறும், மாட்டிறைச்சியில் இன்னும் கூட. ஆனால் இங்கே பல வீடுகளுக்குள் அது வராது. குறைந்தால் கண்ணைச் சுற்றியும் வாய் ஓரத்திலும் பொருக்குக் கட்டும், மயிர் உதிரும். அதைச் சொறி என்று நினைத்து மாதக்கணக்கில் வேப்பெண்ணெய் பூசுபவர்கள் இருக்கிறார்கள்.

2013 இல் கலிஃபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழக விலங்கு மருத்துவர்கள் புத்தகங்களிலும் இணையத்திலும் இருந்து 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை எடுத்துச் சோதித்தார்கள். 95 விழுக்காட்டில் குறைந்தது ஒரு அத்தியாவசியச் சத்தாவது தேவைக்குக் கீழேதான் இருந்தது. விலங்கு மருத்துவர்கள் எழுதிய குறிப்புகளிலும் பலவற்றில் குறை இருந்தது. "மாறி மாறிப் போட்டால் சமநிலை வந்துவிடும்" என்ற நம்பிக்கையும் அந்த ஆய்வில் நிற்கவில்லை, ஏனென்றால் பெரும்பாலானவற்றில் ஒரே சத்துகள்தான் குறைந்திருந்தன.

செய்யக்கூடியது இரண்டு. ஒன்று, நாய்க்கென்று வரும் விற்றமின்-கனிமத் தூளை மிருக வைத்தியரிடம் நிறை சொல்லி வாங்கிச் சேர்ப்பது. அதில் கல்சியம் இருந்தால் கோதுத் தூளைக் குறைக்கவேண்டும், இரண்டையும் கூட்டாதீர்கள். மற்றது, கலோரியில் பாதியை முழுமையான பை உணவாகவும் பாதியை வீட்டுச் சாப்பாடாகவும் கொடுப்பது. இது சோம்பேறி வழி என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். பெரும்பாலான வீடுகளுக்கு இதுதான் பொருந்தும்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு முழு வீட்டுச் சாப்பாடு வேண்டவே வேண்டாம். கல்சியம் குறைந்தாலும் கெடுதி, கூடினாலும் கெடுதி. குட்டியின் குடல் மிதமிஞ்சிய கல்சியத்தைத் தடுக்கத் தெரியாமல் உள்ளே விட்டுவிடும். ஜேர்மன் ஷெப்பேட் போன்ற பெரிய இனங்களில் எலும்பு கோணுவதற்கு இதுவே போதும்.

கோண்டாவிலான்:
அப்ப ஊரில சோறும் குழம்பும் திண்டு திரியிறதுகள்?

அரிதட்டு:
அதுகள் எலி, எலும்பு, அடுத்த வளவு மிச்சம் எண்டு தாங்களே தேடி ஈடுசெய்யுதுகள். அதோட அதுகள் எத்தினை வயது வரைக்கும் நிக்குதுகள் எண்டு ஆரும் எண்ணிறேல்லை. கேற்றுக்குள்ள பூட்டி வளர்க்கிற நாய்க்கு நீங்கள் போடுறதை விட்டால் வேற கதியில்லை. குழம்பு வேண்டாம் எண்டதுக்கு உப்பும் தூளும் மட்டும் காரணமில்லை, வெங்காயமும் உள்ளியும்தான் (பூண்டு) பெரிய காரணம்.

வேப்பமரநிழல்:
உள்ளி பூச்சியைக் கொல்லும், தெள்ளும் கிட்ட வராது எண்டு காலங்காலமாய்க் குடுக்கிறதுதானே? உள்ளியால செத்த நாயை ஆரும் கண்டதுண்டோ?

பச்சைஅங்கி:
ஒரு நாளில் சாகாது, அதனால்தான் யாரும் கண்டதில்லை. வெங்காயத்திலும் உள்ளியிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. நாய்க்கு உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் போனால் இரத்தத்தில் மாற்றம் தெரியும். பூனைக்கு 5 கிராமே போதும். 15 கிலோ நாய்க்கு அது கால் கிலோவுக்குக் கிட்ட, ஒரு நேரத்தில் போகாது. ஆனால் நாளாந்தம் குழம்பு ஊற்றும்போது சேதம் கூடிக்கொண்டே போகும். 4 கிலோ பூனைக்கு 20 கிராம்: எங்கள் சின்ன வெங்காயத்தில் இரண்டு மூன்று. உள்ளி, வெங்காயத்தைவிடப் பல மடங்கு வீரியம். சமைத்தாலும் காய்ந்தாலும் நச்சு போகாது. முரசு (பல் ஈறு) வெளிறி, மூத்திரம் தேத்தண்ணி நிறத்தில் போனால் அன்றைக்கே கொண்டுபோகவேண்டும். தெள்ளு விரட்டும் அளவுக்கு உள்ளி கொடுப்பதென்றால் நாய்க்கு நஞ்சாகும் அளவைத் தொடவேண்டியிருக்கும், அந்த அளவிலும் தெள்ளு போவதற்கு ஆதாரம் இல்லை.

இதோடு சேர்த்து: முந்திரிகைப் பழமும் (திராட்சை) உலர்ந்த முந்திரிகையும், சொக்லேற், சைலிற்றோல் என்ற இனிப்பூட்டி போட்ட சூயிங்கம், வெந்த கோழி எலும்பு ஒன்றும் கூடாது. வெந்த எலும்பு ஊசிபோலப் பிளந்து குடலைக் குத்தும். வளவில் நிற்கும் அலரியும், அழகுக்கு வைக்கும் சைக்கஸும் கவனம். சைக்கஸ் விதை ஒன்றிரண்டே நாயின் ஈரலைக் கெடுத்துவிடும்.

பூனைக்காரி:
பூனையை நாயின்ர சட்டியில விடாதேங்கோ, கோண்டாவிலான். ரெண்டும் ஒரே வீட்டில நிண்டாலும் உடம்பு வேற. பூனைக்கு ரோறீன் எண்ட சத்து சாப்பாட்டில இருந்துதான் கிடைக்கவேணும். குறைஞ்சால் இதயத்தசை மெலிஞ்சு விரியும், கண்ணின்ர பின்திரை கெடும், கெட்ட பார்வை திரும்பாது. கரட்டில இருக்கிற சத்தை விற்றமின் ஏ ஆக மாத்தவும் பூனைக்கு ஏலாது. சோறும் மீனும் மட்டும் எண்டால் மெதுவாய்த்தான் கெடும், அதனால ஒருத்தருக்கும் விளங்கிறேல்லை.

மீனிலயே மூண்டு சிக்கல். பச்சைச் சூடை, நெத்தலி மாதிரியானதுகளில தயமினை (விற்றமின் பி1) உடைக்கிற நொதி இருக்கு. நாளாந்தம் பச்சையாய்ப் போட்டால் பூனை தலையை நெஞ்சுப் பக்கம் தொங்கப்போட்டு நடக்கும், பிறகு வலிப்பு வரும். அவிச்சால் அந்த நொதி போயிடும். ரெண்டாவது, சூரை மாதிரிக் கொழுப்பு மீன் மட்டுமே போட்டால் விற்றமின் ஈ தீர்ந்து உடம்புக் கொழுப்பு மஞ்சளாகி வீங்கும். தொட்டால் கத்தும். மூண்டாவது, வெயிலில கிடந்த சூரையில ஹிஸ்ரமீன் எண்ட நஞ்சு கட்டும். அது அவிச்சாலும் போகாது.

மீன் அவிச்ச தண்ணியை வெளியில ஊத்தி எறியாதேங்கோ. ரோறீன் அந்தத் தண்ணிக்குள்ளதான் இறங்கியிருக்கும். கோழி இதயம் கிடைச்சால் போடுங்கோ, அதில ரோறீன் நல்லா இருக்கு. முழு வீட்டுச் சாப்பாடெண்டால் நாளுக்கு 250 மில்லிகிராம் ரோறீன் தூள் கட்டாயம். ஈரல் 4 கிலோப் பூனைக்கு வாரத்தில ரெண்டுதரம் ஒரு தேக்கரண்டி, அதுக்கு மேல வேண்டாம். ஈரலே சாப்பாடெண்டு வளர்ந்த பூனைக்கு விற்றமின் ஏ மிஞ்சிக் கழுத்தெலும்பு ஒண்டோட ஒண்டு ஒட்டிப்போகும்.

என்னைக் கேட்டால் பூனைக்கு முழுமையான பூனை உணவு பாதி, அவிச்ச மீனோ கோழியோ பாதி. பால் வேண்டாம். இன்னொண்டு, "பசிச்சால் திண்ணும்" எண்டு பட்டினி போட்டு மாத்தாதேங்கோ. கொழுத்த பூனை ரெண்டு மூண்டு நாள் தின்னாமல் கிடந்தால் ஈரலில கொழுப்பேறிச் செத்தும் போகும். நாய்க்கு 7 முதல் 10 நாளில மாத்தலாம்: முதல் ரெண்டு மூண்டு நாள் கால்வாசி புதுச் சாப்பாடு, பிறகு அரைவாசி, பிறகு முக்கால்வாசி. பூனைக்கு மூண்டு கிழமை எடுத்தாலும் பரவாயில்லை.

சோழகம்:
அக்கா, கடுவன் பூனைக்கு மூத்திரம் அடைச்சால் நெருஞ்சி முள்ளுக் கசாயம் குடுக்கச் சொல்லினம். சரியோ?

பூனைக்காரி:
ஐயோ, வேண்டாம். நெருஞ்சி மூத்திரத்தைக் கூட்டுறதுக்குக் குடுக்கிறது. வழி அடைபட்டுக் கிடக்கேக்க மூத்திரத்தைக் கூட்டினால் மூத்திரப்பை வெடிக்கிற நிலைக்குத்தான் போகும். அடைப்பெண்டால் மண் பெட்டிக்குள்ள திரும்பத் திரும்பப் போய்க் குந்தும், கத்தும், ஒரு துளியும் வராது, வயிறு கல்லுப்போல இருக்கும். ஒரு நாளைக்குள்ள குழாய் விட்டு எடுக்கவேணும். பிந்தினால் இரத்தத்தில பொற்றாசியம் ஏறி இதயம் நிக்கும். வராமல் பாக்கிறதுக்கு வழி தண்ணிதான்: காய்ஞ்ச உணவைக் குறைச்சு, சாப்பாட்டில மீன் அவிச்ச தண்ணியை (உப்பில்லாமல்) ஊத்துங்கோ. ரெண்டு மூண்டு இடத்தில தண்ணிச் சட்டி வையுங்கோ.

வேப்பமரநிழல்:
சாப்பாட்டுக் கணக்கு விளங்குது. ஆனால் வெளிப்பூச்சுக்கு மூலிகையை ஒரேயடியாய்த் தள்ளுறது நியாயமில்லை. மாட்டு வாகடம் எண்டு ஒரு மாட்டு வைத்திய மரபே இருக்கு. உண்ணிக்குச் சரியான முறை இது: ரெண்டு கைபிடி வேப்பிலையை ரெண்டு லீற்றர் தண்ணியில 15 நிமிசம் கொதிக்கவைச்சு, மூடி ஆறவிட்டு வடிச்செடுங்கோ. நாயைக் குளிப்பாட்டினாப் பிறகு கடைசித் தண்ணியாய் அதை ஊத்தி, துடைக்காமல் விடுங்கோ. கிழமைக்கு ரெண்டுதரம். கடி (அரிப்பு) குறையும், தோல் குளிரும். ஊரில சிலர் புகையிலை ஊறவைச்ச தண்ணியும் பூசுறவை, உண்ணி உடனே விழும்.

பச்சைஅங்கி:
வேப்பிலைத் தண்ணியில் தப்பில்லை. கடி தணியும், ஏறியிருக்கும் உண்ணி சாகாது. புகையிலைத் தண்ணியை மட்டும் யாரும் தொடாதீர்கள். யாழ்ப்பாணப் புகையிலை காரமானது, நிக்கொட்டின் தோலால் உள்ளே இறங்கும், நாய் நக்கினால் நேரே வயிற்றுக்குப் போகும். வாந்தி, வீணி வடிதல், நடுக்கம், பிறகு மூச்சு நிற்றல். உண்ணி விழும் அளவு எதுவோ, குட்டி விழும் அளவும் அதற்குப் பக்கத்தில்தான். மண்ணெண்ணெயும் கழிவு ஒயிலும் இதே வரிசை.

வேப்பெண்ணெயைப் பூனையில் பூசாதீர்கள். அது தன்னை நக்கியே சுத்தம் செய்யும் பிராணி, நடுக்கமும் வலிப்பும் வந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. தேயிலைமர எண்ணெய், கற்பூரம் இரண்டும் நாய் பூனை இரண்டுக்குமே ஆகாது. மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன்: நாய்க்கென்று விற்கும் பெர்மெத்ரின் மருந்தைப் பூனையில் போட்டாலும் பூனை சாகும். மூலிகையா இரசாயனமா என்று பார்த்தால் இந்தக் கணக்கு விளங்காது. எந்தப் பிராணி, எத்தனை கிலோ என்றுதான் பார்க்கவேண்டும்.

சித்த மருந்தைத் தள்ளவில்லை. கைதடியில் சித்த போதனா வைத்தியசாலையே இருக்கிறது. ஆனால் அங்கே கொடுப்பது மனிதருக்கான அளவு, மாட்டு வாகடத்தில் இருப்பது அசைபோடும் வயிற்றுக்கான அளவு. பற்பம், செந்தூரம் போன்ற உலோக மருந்துகளை எந்த அளவிலும் நாய் பூனைக்குக் கொடுக்காதீர்கள்.

அரிதட்டு:
உண்ணிக்கு நாயை மட்டும் பாத்தால் சரிவராது, சுவரையும் பாக்கவேணும். இங்க நாயில ஏறுற மண்ணிற உண்ணி மூண்டுதரம் நாயில ஏறி மூண்டுதரம் இறங்கும், குஞ்சு, இளசு, முத்தல் எண்டு. இறங்கிறதெல்லாம் சுவர் வெடிப்பு, கட்டில் கால், நாய்க்கூட்டுத் தகரத்துக்குள்ள. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில முட்டையிடும், முத்தல் மாதக்கணக்கில பட்டினி கிடக்கும். நாயில தெரியிறதைவிடச் சுவருக்குள்ள கிடக்கிறதுதான் கூட.

சாவணத்தால (இடுக்கியால) தோலுக்குக் கிட்டப் பிடிச்சு, நேரே மேல இழுங்கோ. முறுக்கவேண்டாம், நசுக்கவேண்டாம், நெருப்புக்குச்சி வைக்கவேண்டாம். சவுக்காரத் தண்ணிப் போத்திலுக்குள்ள போடுங்கோ. காதுமடலுக்குள்ள, கால்விரல் இடுக்கில, கழுத்துப்பட்டிக்குக் கீழ கட்டாயம் பாருங்கோ. வெடிப்புகளுக்குள்ள கொதிதண்ணி ஊத்தி, காய்ஞ்சாப் பிறகு சீமெந்தால அடையுங்கோ. வேப்பெண்ணெய் 10 மில்லியும் சவுக்காரத் திரவம் 5 மில்லியும் ஒரு லீற்றர் தண்ணியில கலந்து சுவரடிக்குக் கிழமைக்கொருக்கால் விசிறலாம். பூனை படுக்கிற இடத்துக்கு வேண்டாம். மூண்டு மாதம் விடாமல் செய்தால்தான் சுற்று அறும். மாரி கழிஞ்சு வெயில் ஏறேக்க பெருகும், தை மாசியிலேயே தொடங்குங்கோ.

சோழகம்:
உண்ணிக் காய்ச்சலுக்குப் பப்பாசி இலைச்சாறு?

பச்சைஅங்கி:
உண்ணிக் காய்ச்சல் என்று நாங்கள் சொல்வது ஒரு நோய் அல்ல. எர்லிக்கியா ஒரு பக்ரீரியா, பபீசியா சிவப்பணுவுக்குள் இருக்கும் ஒட்டுண்ணி. முதலாவதுக்கு டொக்சிசைக்கிளின், கிலோவுக்கு 10 மில்லிகிராம், 28 நாள். பபீசியாவுக்கு அது தனியாகப் போதாது, வேறு மருந்து வேண்டும். எது என்று இரத்தம் பார்த்துத்தான் சொல்லலாம். பப்பாசிச் சாறு இரண்டையும் கொல்லாது. தட்டணு எண்ணிக்கை ஏறும் என்ற நம்பிக்கையில் நான்கைந்து நாள் போய்விடும், அந்த நான்கைந்து நாள்தான் நாயின் உயிர். சாப்பாடு மறுத்தல், முரசு வெளிறுதல், மூக்கால் இரத்தம், வயிற்றில் சிவப்புப் புள்ளி. இதில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காதீர்கள். டொக்சிசைக்கிளினை வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள், குளிசை தொண்டையில் ஒட்டினால் புண்ணாகும். சாப்பாட்டோடு கொடுத்து, பின்னால் தண்ணீர் குடிக்கவிடுங்கள்.

காய்ச்சலென்று பனடோல் (பரசிற்றமோல்) கொடுக்கும் பழக்கமும் இருக்கிறது. பூனைக்கு ஒரு குளிசையே எமன்.

வேப்பமரநிழல்:
சரி, சொறிக்கு? வேப்பிலை நாலு பங்கு, மஞ்சள் ஒரு பங்கு அரைச்சுப் பூசுறது மனிசருக்குச் சிரங்கில பலன் குடுத்திருக்கு. குப்பைமேனியும் இருக்கு.

பச்சைஅங்கி:
எந்தச் சொறி என்பதுதான் கேள்வி. சார்க்கொப்ரிஸ் என்ற நுண்ணிய சிற்றுண்ணி தோலின் மேற்படையில் சுரங்கம் போடும். பயங்கரக் கடி, காதோரத்திலும் முழங்கையிலும் தொடங்கும், வீட்டாருக்கும் கடிக்கும். டெமொடெக்ஸ் என்ற சிற்றுண்ணி மயிர்வேருக்குள் இருக்கும். கடி குறைவு, வட்டம் வட்டமாக மயிர் கொட்டும். பங்கசு (பூஞ்சை) என்றால் அது வேறு. கத்தியால் தோலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். சார்க்கொப்ரிசுக்குக் கந்தகம் பழைய, நல்ல மருந்து: சுத்தக் கந்தகத் தூள் 5 கிராமை 100 கிராம் தேங்காயெண்ணெயில் குழைத்து, உடம்பில் மூன்றிலொரு பங்காக நாள் மாற்றிப் பூசலாம். நக்காமல் கழுத்துக்குக் கூம்பு போடவேண்டும். மயிர்வேருக்குள் இருக்கும் டெமொடெக்ஸை எந்த இலை அரைப்பும் எட்டாது. ஐவர்மெக்ரின் என்ற ஒட்டுண்ணி மருந்தைக் கடையில் வாங்கி நீங்களே ஊசி போடாதீர்கள், கொலி இன வழி வந்த நாய்கள் சிலவற்றுக்கு அது மூளைக்குள் போகும்.

குப்பைமேனியைப் பூனை நிற்கும் வீட்டில் அரைத்தால் அரைப்பு மிஞ்சாது. வேரைக் கண்டதும் பூனை உருளத் தொடங்கிவிடும்.

கோண்டாவிலான்:
மஞ்சள் புண்ணுக்கு? வயசான நாயின்ர மூட்டுக்கும் நல்லதெண்டு கேள்வி.

அரிதட்டு:
புண்ணில மஞ்சள்தூள் கொட்டினால் மேல பொருக்குக் கட்டும், கீழ சீழ் நிக்கும். கொதிச்சாறின தண்ணி ஒரு லீற்றரில உப்பு 9 கிராம் (ஒண்டரைத் தட்டைத் தேக்கரண்டி) போட்டுக் கழுவுங்கோ. மேலோட்டமான புண்ணெண்டால் சுத்தமான தேன் மெல்லிசாய்ப் பூசிக் கட்டுங்கோ, தேன் கிருமியை அடக்கும். கட்டாமல் விட்டால் எறும்பு வந்திடும்.

மூட்டுக்கு மஞ்சள், 15 கிலோவுக்குக் கால் தேக்கரண்டி சாப்பாட்டில கலக்கலாம், கெடுதியில்லை. ஆனால் மஞ்சளில வேலை செய்யிற பொருளான குர்க்குமின் 3 விழுக்காடு அளவுதான், அதிலயும் குடல் உறிஞ்சிறது சொற்பம். கொழுத்த நாயின்ர நிறையில 6 விழுக்காடு குறைச்சாலே நொண்டல் குறையிறதைக் காணலாம். சத்திரசிகிச்சைக்கு ஒரு கிழமைக்கு முந்தி மஞ்சளை நிப்பாட்டுங்கோ, இரத்தம் உறையிறதைப் பிந்தவைக்கும்.

சோழகம்:
புண்ணில புழு வைச்சால் அன்னமுன்னா (சீத்தாப்பழ வகை) விதையை அரைச்சு வைக்கிறவை.

பச்சைஅங்கி:
புழு சாகும், கண்ணும் போகும். அந்தத் தூள் கண்ணில் பட்டால் விழிவெண்படலம் வெந்துவிடும், நாய்க்கு மட்டுமல்ல, அரைப்பவருக்கும். மயிரைக் கத்தரித்து, உப்புத் தண்ணீரைப் பீச்சி, சாவணத்தால் ஒவ்வொன்றாக எடுங்கள். குகைபோல ஆழமென்றால் வீட்டில் கிண்டாமல் கொண்டுபோங்கள். உள்ளே ஒரு புழு நின்றாலும் இரண்டு நாளில் பழையபடிதான்.

பூனைக்காரி:
வயித்தால போறதைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை. வளர்ந்த நாய், உசாராய் நிக்குது, இரத்தம் இல்லை எண்டால் அரை நாள் சாப்பாட்டை நிப்பாட்டுங்கோ, தண்ணியை நிப்பாட்டாதேங்கோ. ஜீவனி (ஓ.ஆர்.எஸ்) பைக்கற்றைச் சொன்ன அளவு தண்ணியில கரைச்சு, 15 கிலோவுக்கு மணித்தியாலத்துக்கு 50 மில்லி, சின்னச் சின்னதாய். பிறகு குழையவிட்ட சோறு ரெண்டு பங்கு, அவிச்ச கோழி ஒரு பங்கு, மசிச்ச பூசணி ரெண்டு மேசைக்கரண்டி. மாதுளங்கோதுக் கசாயம் துவர்ப்பால போக்கைக் கட்டும், ஆனால் வாந்தியும் இருந்தால் குடுக்காதேங்கோ. குட்டியையும் பூனையையும் பட்டினி போடவேண்டாம். தடுப்பூசி போடாத குட்டிக்கு வாந்தியோட நாத்தமெடுத்த இரத்தப்போக்கு எண்டால் அது பார்வோ எண்ட வைரசு நோய். கசாயத்துக்கு நேரமில்லை, சேலைன் ஏத்தவேணும்.

கோண்டாவிலான்:
தடுப்பூசி எண்டதும் கேக்கிறன். இயற்கை முறையில வளர்த்தால் ஊசி தேவையில்லை, ஹோமியோபதித் துளி போதும் எண்டு ஒரு காணொளியில சொல்லினம்.

பச்சைஅங்கி:
விசர்நாய்க்கடி நோய்க்கு வந்தபின் மருந்து இல்லை, நாய்க்கும் மனிதருக்கும். அந்தத் துளிகளால் பாதுகாப்பு வரும் என்று எங்கும் காட்டப்படவில்லை. விசர் ஊசி வருடாவருடம், குட்டிக்குப் பார்வோவும் டிஸ்ரெம்பரும் (இதுவும் வைரசு நோய்) சேர்ந்த ஊசி, எலிக்காய்ச்சலுக்குரியதும் அதில் இருக்கிறதா என்று கேட்டுப் போடுங்கள். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களை எடுத்தது எல்லோருக்கும் தெரியும். நாயும் அதைக் காவும். நாய் கடித்தாலோ கீறினாலோ சவுக்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சுண்ணாம்பும் கோப்பித்தூளும் வேண்டாம்.

கோண்டாவிலான்:
விளங்கீட்டுது, எல்லாருக்கும் நன்றி. பாதி பை உணவு, பாதி வீட்டுச் சாப்பாடு எண்டு தொடங்கிறன். கடைசியாய் ஒண்டு: கிழமைக்கு ஒருக்காச் சமைச்சு வைக்கலாமோ? பாதிக்குக் கோதுத் தூள் எவ்வளவு?

அரிதட்டு:
நான் தந்த பட்டியலில எல்லாத்தையும் சரிபாதி ஆக்குங்கோ. கோதுத் தூளும் பாதி, அதாவது தட்டையாய்க் கால் தேக்கரண்டி. பை உணவில அதின்ர பங்குக் கல்சியம் ஏற்கெனவே இருக்கு. சமைச்சதைக் குளிர்சாதனப் பெட்டியின்ர கீழ்த்தட்டில மூண்டு நாளுக்கு மேல வைக்கவேண்டாம். மிச்சத்தை ஒவ்வொரு நாள் பங்காய்க் கட்டி உறைய வையுங்கோ, முதல்நாள் இரவு கீழ இறக்கினால் காலமை இளகியிருக்கும். கரண்ட் கனநேரம் நிண்டு உறைஞ்சது இளகிச் சூடாகினால் திருப்பி உறைய வைக்காதேங்கோ, எறியுங்கோ. ரெண்டு கிழமைக்கொருக்கா நிறுத்துப் பாருங்கோ: நாயைத் தூக்கிக்கொண்டு தராசில ஏறி, பிறகு நீங்கள் மட்டும் ஏறிக் கழிச்சால் சரி. 15 கிலோ 16 ஆனால் சோத்தில 50 கிராம் குறையுங்கோ, இறைச்சியில கைவைக்காதேங்கோ.